சால்ஸ்பர்க்கில் மோட்சார்ட் பிறந்த வீடு: போகலாமா, போனால் எதைப் பார்ப்பது?

ஜெர்மனியின் மியூனிக்கில் தங்கும் நாட்களில் ஒன்றை ஒதுக்கி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போய் வர எண்ணியிருப்பதாகவும், வயலின் கற்றுக்கொள்ளும் பத்து வயது மகளுக்கு இசைமேதை மோட்சார்ட் பிறந்த வீட்டைக் காட்ட ஆசைப்படுவதாகவும், ஆனால் முன்பே போய் வந்த நண்பர்கள் "நாலு அறை, நிறையக் கூட்டம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டதால் தயங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நண்பர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் போகலாம் என்பதே என் பதில்.

மேதை பிறந்த இடம் என்ற பக்தியோடு படியேறுகிறவர்கள் அங்கே பெரும்பாலும் ஏமாந்துதான் போகிறார்கள். அது ஒரு வாடகை வீடு. குடியிருந்த குடும்பம் 1773இல் காலி செய்துகொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அதற்கு நூற்றேழு ஆண்டுகள் கழித்துத்தான் அந்த இடம் அருங்காட்சியகம் ஆயிற்று. நான் முதல் முறை போனபோது அரை மணி நேரத்தில் வெளியே வந்து, வந்த வேலை முடிந்ததென்று காப்பி குடிக்கப் போய்விட்டேன். மோட்சார்ட்டின் தந்தை லியோபோல்ட் எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டு அடுத்த முறை போனபோதுதான் அங்கே பார்ப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. மோட்சார்ட்டின் குழந்தைப் பருவப் பயணங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும் பகுதி அந்தக் கடிதங்களிலிருந்து கிடைத்தது. அவற்றுள் முக்கியமானவை அந்த வீட்டின் உரிமையாளருக்கு எழுதப்பட்டவை. அதாவது, அவை வந்து சேர்ந்த முகவரியே நீங்கள் பார்க்கப் போகும் அந்தக் கட்டடம்தான். ஆகவே உங்கள் மகளிடம் மோட்சார்ட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லி அழைத்துப் போங்கள் என்பேன்.

அவர் பெயர் யோஹான் லோரென்ஸ் ஹாகெனவர். மளிகையும் மசாலாப் பொருள்களும் விற்ற பெரிய வணிகர். கெட்ரைடகாஸ என்னும் கடைத்தெருவில் ஒன்பதாம் எண்ணுள்ள அந்த வீடு 1713 முதல் அவர் குடும்பத்தின் கையில் இருந்தது. அதற்கு முந்தைய வரலாறும் நீளமானது. புனித பேதுரு மடத்துத் துறவிகளின் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த வீடு அது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரண்மனை மருந்துக் கடைக்காரர் ஒருவருக்குச் சொந்தமாக இருந்தது. வாசல் நிலைக்கு மேலே சிங்கத்தின் வாயில் பாம்பு சுற்றியிருப்பது போன்ற ஒரு சிறிய சின்னத்தைக் காணலாம். மருத்துவத்தின் அடையாளமான அந்தப் பாம்பு அவர் காலத்தை நினைவூட்டுவது. மஞ்சள் சுவரையும், அதில் தங்க எழுத்துகளில் உள்ள "மோட்சார்ட் பிறந்த வீடு" என்ற வரியையும் படமெடுக்கிறவர்கள் இந்தச் சின்னத்தைக் கவனிப்பதில்லை. அவர்கள் நின்று படமெடுக்கும் சிறு சதுக்கத்தின் பெயர் ஹாகெனவர் சதுக்கம் என்பதையும் கவனிப்பதில்லை.

1747 நவம்பரில் சால்ஸ்பர்க் பேராலயத்தில் லியோபோல்டுக்கும் அன்னா மரியா பெர்ட்லுக்கும் திருமணம் நடந்தது. மணமகன் ஆக்ஸ்பர்க்கிலிருந்து படிக்க வந்து, படிப்பைவிட இசையில் நாட்டம் கொண்டு, பேராயரின் இசைக்குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர். மணமகள் அருகிலுள்ள ஏரிக்கரை ஊரான சாங்க்ட் கில்கனில் பிறந்தவர். தரைத்தளத்தைச் சேர்க்காமல் எண்ணினால் மூன்றாவது மாடியில் அவர்கள் குடியேறினார்கள். ஒரு சமையலறை, ஒரு சிறிய அறை, கூடம், படுக்கையறை, வேலை செய்யும் அறை: இருபத்தாறு ஆண்டுகளுக்கு அவர்கள் உலகம் இவ்வளவுதான். சமையலறையில் திறந்த அடுப்பு இருக்கிறது. விறகு எரித்துப் புகையோடு சமைத்த அந்த இடத்தை வேகமாகக் கடந்து போய்விடாதீர்கள். மற்ற அறைகளைவிட அங்கேதான் ஒரு குடும்பம் வாழ்ந்த தடம் கண்ணுக்குத் தெரிகிறது.

எட்டு ஆண்டுகளில் அன்னா மரியா ஏழு குழந்தைகளைப் பெற்றார். ஐந்து குழந்தைகள் சிசுக்களாகவே இறந்தன. நான்காவதாக 1751 ஜூலையில் பிறந்த மகள் மரியா அன்னாவும், கடைசியாகப் பிறந்த மகனும் மட்டுமே பிழைத்தார்கள். மகளை வீட்டில் நானெர்ல் என்று அழைத்தார்கள். மகன் பிறந்தது 1756 ஜனவரி 27, இரவு எட்டு மணிக்கு. தன் நூலை அச்சிட்டுக்கொண்டிருந்த ஆக்ஸ்பர்க் பதிப்பாளருக்கு லியோபோல்ட் சில நாள் கழித்து எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிடுகிறார்: குழந்தை நலமாகப் பிறந்தது, ஆனால் நஞ்சுக்கொடியைக் கையால் எடுக்க வேண்டியிருந்தது, மனைவி மிகவும் தளர்ந்து போனாள், இப்போது தாயும் சேயும் நலம் என்று. மிகச் சாதாரணமான வீட்டுச் செய்தி. பிரசவத்தில் தாய் இறப்பது அரிதாக இல்லாத காலத்தில், அந்தப் படுக்கையறையில் அன்றிரவு எப்படிப்பட்ட அச்சம் நிலவியிருக்கும் என்பதை இந்தச் சில சொற்களே காட்டுகின்றன.

மறுநாளே குழந்தையைப் பேராலயத்துக்கு எடுத்துப் போய்த் திருமுழுக்குக் கொடுத்தார்கள். பதிவேட்டில் உள்ள பெயர் யோவான்னெஸ் கிறிசோஸ்தோமுஸ் வோல்ஃப்காங்குஸ் தியோபிலுஸ். பிறந்த நாள் புனித யோவான் கிறிசோஸ்தோமின் திருநாள் என்பதால் முதல் இரண்டு பெயர்கள். தாய்வழிப் பாட்டனாரின் பெயர் வோல்ஃப்காங். ஞானத்தந்தையின் பெயரான கோட்லீபைக் கிரேக்கத்தில் சொன்னால் தியோபிலுஸ். இறைவனை நேசிப்பவன் என்று பொருள்படும் இந்தப் பெயரை அவர் பிற்காலத்தில் "அமதே" என்று பிரெஞ்சுச் சாயலில் எழுதிக் கையொப்பமிட்டார். உலகம் இன்று சொல்லும் "அமதேயுஸ்" என்ற வடிவத்தை அவர் விளையாட்டாகத் தவிர எழுதியதில்லை. பெயர் வைத்த அந்தத் திருமுழுக்குத் தொட்டி, 1321இல் வார்க்கப்பட்டது, சிங்கங்களின் முதுகில் நிற்பது, இன்றும் பேராலயத்தின் நுழைவுக்கு அருகில் இருக்கிறது. என்னைக் கேட்டால், மோட்சார்ட்டோடு தொடர்புள்ளது என்று ஐயமில்லாமல் சொல்லத்தக்க பொருள்களில் அதுதான் மனத்தை அதிகம் தொடுவது. அங்கே கூட்டமும் இருப்பதில்லை.

அதே 1756இல்தான் லியோபோல்டின் வயலின் பாடநூல் வெளிவந்தது. மகன் பிறக்காமல் இருந்திருந்தாலும் லியோபோல்டின் பெயர் அந்த நூலால் நிலைத்திருக்கும். 18ஆம் நூற்றாண்டின் மிக முக்கியமான வயலின் நூல்களில் அது ஒன்று. இன்றும் பழங்கால வாசிப்பு முறையை ஆராய்கிறவர்கள் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். வயலினைச் சரியாகப் பிடிப்பது எப்படி, தவறாகப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் காட்டியிருப்பார். ஒவ்வொரு சுரத்தையும் அசைத்து நடுங்க வைக்கிறவர்களைத் தீராத காய்ச்சல் வந்தவர்களோடு ஒப்பிட்டுக் கேலி செய்திருப்பார். உங்கள் மகள் வயலின் கற்பவள் என்பதால் இந்த இரண்டையும் பயணத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். அந்த வீட்டில் ஓர் ஆசிரியர் குடியிருந்தார் என்பது அவளுக்கு விளங்கிவிடும்.

அந்த ஆசிரியரின் முதல் மாணவி நானெர்ல். அவளுக்காக 1759இல் லியோபோல்ட் ஒரு குறிப்பேட்டில் சிறு சிறு இசைத் துண்டுகளை எழுதிக் கொடுத்தார். அக்காள் பயில்வதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியும் அந்த ஏட்டிலிருந்தே கற்கத் தொடங்கினான். எந்தத் துண்டை எந்த நாளில் கற்றான் என்று தந்தை ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார். ஐந்து வயது நிறைவதற்குச் சில நாள்களே இருந்தபோது, 1761 ஜனவரியில், ஒரு துண்டை இரவு ஒன்பது மணிக்கு மேல் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டான் என்ற குறிப்பு அவற்றில் ஒன்று. குடும்ப நண்பரும் அரண்மனை எக்காளக் கலைஞருமான ஷாக்ட்னர், மோட்சார்ட் இறந்த பிறகு நானெர்லுக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் சில காட்சிகளைத் தருகிறார். பேனாவை மைக்கூட்டின் அடிவரை முக்கி, காகிதமெங்கும் மையைச் சிந்தி, சிந்திய மையை உள்ளங்கையால் துடைத்து அதன் மேலேயே பையன் ஓர் இசைக்கோவை எழுதிக்கொண்டிருந்தானாம். முதலில் சிரித்த தந்தை, உற்றுப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டாராம். அதே பையனுக்கு எக்காள ஒலி என்றால் அவ்வளவு அச்சம். தந்தை சொல்லி ஷாக்ட்னர் ஒரு முறை அவன் முன் ஊதியபோது முகம் வெளுத்துச் சாயத் தொடங்கிவிட்டான். ஆண்டுகள் பல கழித்து எழுதிய நினைவுகள் என்பதால் சற்றுப் பூச்சு இருக்கலாம். ஆனாலும் அந்தச் சிறிய கூடத்தில் நின்று இவற்றை நினைத்துப் பார்த்தால் அறை காலியாகத் தெரியாது.

இனி கடிதங்களுக்கு வருகிறேன். 1762இல் முதலில் மியூனிக்கும் பிறகு வியன்னாவும் போனார்கள். 1763 ஜூன் 9 அன்று தாய், தந்தை, இரு குழந்தைகள் என நால்வருமாகப் புறப்பட்டவர்கள், ஜெர்மன் நகரங்கள், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், லண்டன், ஹேக், ஆம்ஸ்டர்டாம் என்று சுற்றி 1766 நவம்பர் 29 அன்றுதான் இந்த வீட்டுக்குத் திரும்பினார்கள். ஏழு வயதில் போன பையன் பத்து வயதில் வந்தான். இவ்வளவு நீண்ட பயணத்துக்குப் பணம் வேண்டும். ஊர் ஊராகப் பணம் எடுக்கக் கடன் கடிதங்கள் வேண்டும். வணிகத் தொடர்புகள் வேண்டும். அவற்றைச் செய்து கொடுத்தவர் வீட்டுக்காரர். வாடகைக்கு இருப்பவர் உலகம் சுற்ற, வீட்டுக்காரர் அதற்கு வங்கியாக இருந்தார் என்பது எந்தக் காலத்திலும் அபூர்வம்தான்.

அதற்கு ஈடாக அவருக்குக் கிடைத்தவை கடிதங்கள். லியோபோல்ட் அவற்றை ஹாகெனவர் ஒருவருக்காக மட்டும் எழுதவில்லை. ஊர் நண்பர்கள் மத்தியில் அவை படித்துக் காட்டப்படும் என்று தெரிந்தேதான் எழுதினார். வியன்னாவில் பேரரசி மரியா தெரசாவின் மடியில் பையன் தாவி ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டான் என்பது நமக்குத் தெரிவது ஹாகெனவருக்கு எழுதப்பட்ட கடிதத்தால். பாரிஸ் பெண்களின் முகப்பூச்சைப் பார்த்துவிட்டு, அவர்கள் பெர்ஷ்டெஸ்காடன் மரப்பொம்மைகள் போல இருக்கிறார்கள் என்று ஹாகெனவரின் மனைவிக்கு எழுதினார். அந்தப் பொம்மைகள் செய்யப்பட்ட ஊர் சால்ஸ்பர்க்கிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால், படித்த அம்மையார் வாய்விட்டுச் சிரித்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. லண்டனில் லியோபோல்டே நோயில் படுத்தார். ஹேக் நகரில் முதலில் நானெர்லுக்கும், அவள் தேறியதும் தம்பிக்கும் கடும் காய்ச்சல் வந்தது. அவளுக்கு இறுதி அருள்சாதனம் கூடக் கொடுத்துவிட்டார்கள். இத்தகைய வேளைகளிலெல்லாம் இன்ன ஆலயத்தில் இத்தனை திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரருக்குத்தான் வேண்டுகோள் போயிற்று. 1768இல் வியன்னாவில் மகனின் ஓபராவை (பாடி நடிக்கும் இசை நாடகத்தை) மேடையேற்ற விடாமல் சூழ்ச்சிகள் நடந்தபோது, இறைவன் சால்ஸ்பர்க்கில் பிறக்கச் செய்த அற்புதத்தை உலகுக்கு அறிவிப்பது தன் கடமை என்று மனம் கொதித்து எழுதியதும் அவருக்குத்தான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு கிளைக்கதை உண்டு. ஹாகெனவரின் மகன் காயெதான், மோட்சார்ட் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன். மோட்சார்ட் குடும்பம் லண்டனில் இருந்தபோது அவன் புனித பேதுரு மடத்தில் துறவியாகச் சேர்ந்த செய்தி கடிதத்தில் வந்தது. அதைக் கேட்ட சிறுவன் வோல்ஃப்காங், இனிமேல் அவனைப் பார்க்கவே முடியாது என்று எண்ணி அழுதுவிட்டான். துறவுப் பெயர் தொமினிக்குஸ் என்றானது. 1769 அக்டோபர் 15 அன்று அந்த இளந்துறவி தன் முதல் திருப்பலியை நிறைவேற்றியபோது அதற்கான இசையைப் பதின்மூன்று வயது மோட்சார்ட் எழுதிக் கொடுத்தார். "தொமினிக்குஸ் திருப்பலி" என்றே இன்றும் அதற்குப் பெயர். மாடியில் குடியிருந்த பையன் கீழ்வீட்டு அண்ணனுக்குச் செய்த மரியாதை. வீட்டைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால் அந்தப் பேதுரு ஆலயத்துக்கே போய்விடலாம்.

அருங்காட்சியகத்துக்குள் தவறவிடக் கூடாதவை என்று சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் மகளின் பொருட்டு, முதலில் சிறுவன் வாசித்த குட்டி வயலின். அதைச் செய்தவர் சால்ஸ்பர்க் கைவினைஞர் ஆந்திரேயாஸ் ஃபெர்டினாண்ட் மாயர். அதன் அளவையும் தன் வயலினின் அளவையும் அவளே ஒப்பிட்டுக்கொள்வாள். பெரியவரான பிறகு மோட்சார்ட் வாசித்த வயலினும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. நீ எவ்வளவு நன்றாக வயலின் வாசிக்கிறாய் என்பது உனக்கே தெரியவில்லை என்று 1777இல் தந்தை மகனுக்கு எழுதியதை அதன் அருகே நின்று சொல்லலாம். மகனுக்கோ பிற்காலத்தில் வயோலா வாசிப்பதில்தான் விருப்பம் கூடியது.

அடுத்து, கிளாவிகார்ட் என்னும் சிறிய விசைப்பலகைக் கருவி. பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காத அளவுக்கு மெல்லிய ஒலி உடையது. இரவில் பிறர் தூக்கம் கெடாமல் இசை எழுதுவதற்கு ஏற்றது. "மாயப் புல்லாங்குழல்" ஓபராவையும், இறந்தோருக்கான திருப்பலி இசையான ரெக்வியத்தையும் வேறு சிலவற்றையும் ஐந்து மாதங்களுக்குள் இந்தக் கருவியில்தான் கணவர் எழுதினார் என்று மனைவி கான்ஸ்டான்ஸே தன் கைப்பட எழுதி ஒட்டிய சீட்டு அதில் இருக்கிறது. மூன்றாவது, மைத்துனி கணவரான யோசெஃப் லாங்கே வரைந்த ஓவியம். முகம் முடிந்து உடல் முடியாமல் நிற்பதால், பாதியில் நின்ற வாழ்க்கையின் அடையாளம் என்று பல தலைமுறைகள் உருகியிருக்கின்றன. அண்மை ஆய்வில் தெரிந்தது வேறு: முதலில் ஒரு சிறிய, முடிந்த ஓவியமாகவே வரையப்பட்டு, பிறகு அதைப் பெரிய துணியில் பதித்து விரிவாக்கும் முயற்சிதான் பாதியில் நின்றிருக்கிறது. உருகியவர்களுக்கு இது ஏமாற்றம்தான். முகத்தின் அழகோ அப்படியேதான் இருக்கிறது. அவருடையதாகச் சொல்லப்படும் முடிக்கற்றையும் உண்டு. எனக்கு அதில் ஈடுபாடில்லை, ஆனால் குழந்தைகள் அங்கேதான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

இப்பொருள்கள் பெரும்பாலும் வாரிசுகள் வழியே வந்தவை. மோட்சார்ட்டின் பிள்ளைகளில் இருவரே பெரியவர்களாகும் வரை வாழ்ந்தார்கள். இருவரும் மணம் புரியவில்லை. குடும்பச் சொத்தாக இருந்தவை சால்ஸ்பர்க் இசை நிறுவனத்தின் கைக்கு வந்தன. அதன் தொடர்ச்சியான சர்வதேச மோட்சார்ட்டேயும் அறக்கட்டளை 1880 ஜூனில் இந்த அருங்காட்சியகத்தைத் திறந்து, 1917இல் வீட்டையே விலைக்கு வாங்கியது.

வீட்டோடு நின்றுவிடாதீர்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அந்த மாடி போதவில்லை. இத்தாலியிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தில், இனியும் படைவீரர்களைப் போல வரிசையாகப் படுத்துத் தூங்க முடியாது என்று லியோபோல்டே அலுத்துக்கொள்கிறார். 1773இல் ஆற்றின் அக்கரையில், இன்று மாகார்ட்பிளாட்ஸ் எனப்படும் சதுக்கத்தில், முன்பு நடன ஆசிரியர்கள் குடியிருந்த எட்டு அறை வீட்டுக்கு மாறினார்கள். 1775இல் எழுதிய வயலின் கன்செர்ட்டோக்கள் (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பவை) அங்கே குடியிருந்த காலத்தவை. நடனக் கூடத்தில் நண்பர்கள் கூடி இசைத்தார்கள், சீட்டாடினார்கள், ஒருவரையொருவர் கேலி செய்யும் படங்கள் வரைந்த இலக்குப் பலகைகளை வைத்துக் காற்றுத் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுட்டார்கள். 1944 அக்டோபரில் விழுந்த குண்டில் அந்த வீட்டின் பெரும் பகுதி இடிந்துபோய், அந்த இடத்தில் ஓர் அலுவலகக் கட்டடம் எழுந்தது. அறக்கட்டளை அதை வாங்கி இடித்துவிட்டுப் பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டி 1996இல் திறந்தது. ஆகவே அது பாதி மறு உருவாக்கம். ஆனால் இடவசதி அதிகம், நெரிசல் குறைவு, மோட்சார்ட் வியன்னாவில் வைத்திருந்த ஃபோர்ட்டேபியானோ என்னும் அக்காலப் பியானோவும் புகழ்பெற்ற குடும்ப ஓவியமும் இருப்பது அங்கேதான். அந்த ஓவியத்தில் அக்காளும் தம்பியும் கைகளைக் குறுக்கே மாற்றிப் போட்டுச் சேர்ந்து வாசிக்கிறார்கள். தந்தை வயலினோடு நிற்கிறார். தாய் மட்டும் சுவரில் மாட்டிய படமாக இருக்கிறார். மகனோடு வேலை தேடிப் பாரிஸ் போன அன்னா மரியா 1778 ஜூலையில் அங்கேயே இறந்துவிட்டார். பிறந்த வீட்டின் சமையலறையைப் பார்த்துவிட்டு இந்தப் படத்தைப் பார்க்கும்போது அதன் வலி கூடுதலாகத் தெரிகிறது. இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்கலாம்; நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இரண்டாவது வீட்டையே சொல்வேன். உங்கள் மகளுக்குக் குட்டி வயலின் என்னும் காரணம் இருப்பதால் பிறந்த வீட்டை விட வேண்டாம்.

அந்தக் காலத்தில் சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவின் பகுதியாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேராயரே அரசராகவும் இருந்து ஆண்ட தனி நாடு அது. உப்புதான் அதன் செல்வம், பெயரிலேயே உப்பு இருக்கிறது. 1816இல்தான் ஆஸ்திரியாவோடு நிலையாக இணைந்தது. மோட்சார்ட் குடும்பம் அந்தப் பேராயரின் ஊழியர் குடும்பம். 1772இல் பதவிக்கு வந்த பேராயர் கொலொரேதோ, தன் இசைக் கலைஞர்கள் ஊர் சுற்றுவதை விரும்பவில்லை. சிறு வயதில் ஐரோப்பிய அரண்மனைகளைப் பார்த்துவிட்ட இளைஞருக்கோ இந்த ஊர் மூச்சு முட்டியது. அதைத் தன் கடிதங்களில் மறைக்காமல் எழுதினார். 1781இல் வியன்னாவில் பேராயரின் அதிகாரி ஒருவர் உதைத்து வெளியேற்றும் அளவுக்கு உறவு முறிந்தது. பிறகு ஒரே ஒரு முறை, 1783இல், மனைவியைத் தந்தைக்கும் அக்காளுக்கும் காட்டுவதற்காக ஊருக்கு வந்தார். வியன்னாவில் விட்டுவிட்டு வந்த கைக்குழந்தை அந்த மாதங்களில் அங்கே இறந்துபோனது. அந்த ஆண்டு அக்டோபரில் அதே பேதுரு ஆலயத்தில் அவருடைய சி மைனர் திருப்பலி இசைக்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்த ஊருக்கு அவர் திரும்பவே இல்லை.

அப்படி வெறுத்துப் போனவரின் பெயரில்தான் இன்று அந்த ஊரில் விமான நிலையம், சதுக்கம், பாலம், மிட்டாய் எல்லாம் இருக்கின்றன. அவருக்குச் சிலை வைக்க 1841இல் தோண்டியபோது ரோமானியர் காலத்துத் தரை ஓவியம் ஒன்று வெளிப்பட்டு வேலை ஓராண்டு தள்ளிப் போயிற்று. "இங்கே மகிழ்ச்சி குடியிருக்கிறது, தீயது எதுவும் நுழையாதிருக்கட்டும்" என்பது அதில் இருந்த வாசகம். மோட்சார்ட் படித்திருந்தால் அதை வைத்து ஒரு கேலிப் பாட்டே எழுதியிருப்பார். 1842 செப்டம்பரில் சிலை திறக்கப்பட்டபோது இரு மகன்களும் வந்திருந்தார்கள். சால்ஸ்பர்க்கிலேயே வாழ்ந்துவந்த கான்ஸ்டான்ஸே அதற்கு ஆறு மாதம் முன்பு இறந்துவிட்டார். ஆற்றுக்கு அக்கரையில் லின்ஸர்காஸ தெருவை ஒட்டியுள்ள புனித செபஸ்தியான் கல்லறைத் தோட்டத்தில் அவர் இருக்கிறார். லியோபோல்ட் அடக்கமானதும் அங்கேதான். நானெர்ல் அவர்களோடு இல்லை. பேதுரு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். தம்பிக்குச் சமமாக ஐரோப்பாவெங்கும் கைதட்டல் வாங்கியவர், பருவம் வந்ததும் பயணங்களில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. மணமாகிப் போனது சாங்க்ட் கில்கனுக்கு, அதுவும் தன் தாய் பிறந்த அதே கட்டடத்துக்கு. கணவர் இறந்த பிறகு சால்ஸ்பர்க் திரும்பிப் பியானோ கற்றுக் கொடுத்து, கடைசியில் பார்வை இழந்து, 1829இல் இறந்தார். உங்கள் மகளிடம் இவரைப் பற்றிச் சொல்லாமல் விடாதீர்கள்.

நடைமுறைக்கு வருவோம். மியூனிக்கிலிருந்து வட்டார ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பவேரிய மாநிலத்துக்கான ஒரு நாள் சீட்டு சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு அதுவே மலிவு. வார நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகே அது செல்லும் என்பதையும், அதிவேக ரயில்களில் செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். எல்லை கடந்து ஜெர்மனிக்குத் திரும்பும்போது ரயிலில் சோதனை நடப்பதுண்டு. ஆகவே கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். மூன்று நான்கு இடங்களுக்கு மேல் நுழைவுச் சீட்டு வாங்குவதாக இருந்தால் இருபத்து நான்கு மணி நேர நகர அட்டையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோட்டைக்கு ஏறும் இழுவை ரயிலும் நகரப் பேருந்துகளும் அதில் அடங்கும். ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் முடிய சால்ஸ்பர்க் இசை விழா நடக்கும். 1920இல் தொடங்கியது அது. அந்த வாரங்களில் தெருவில் நடப்பதே சிரமம். குடை அவசியம். நூல் பிடித்தாற்போல் மெலிதாக விடாமல் பெய்யும் மழைக்கு அந்த ஊரில் "கயிற்று மழை" என்று தனிப் பெயரே உண்டு.

நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மிராபெல் தோட்டத்தின் வழியே வந்தால் இரண்டாவது வீடு முதலில் வரும்; அங்கிருந்து ஆற்றைக் கடந்தால் கெட்ரைடகாஸ. தானியத் தெரு என்று பொருள்படும்படி இன்று பெயர் இருந்தாலும், குதிரைகளின் துள்ளுநடையைக் குறித்த பழைய சொல் காலப்போக்கில் திரிந்து இப்படி ஆயிற்று என்பார்கள். தலைக்கு மேலே இரும்பில் செய்த கடைச் சின்னங்களைப் பாருங்கள். வீடுகளுக்கு ஊடே புகுந்து அடுத்த சதுக்கத்துக்குப் போகும் நடைவழிகளிலும் ஒரு முறை நுழைந்து பாருங்கள். கூட்டத்தைத் தவிர்க்க வேண்டுமானால் பிறந்த வீட்டைப் பிற்பகல் கடைசி நேரத்துக்குத் தள்ளி வைப்பது நல்லது. சுற்றுலாப் பேருந்துகள் அதற்குள் கிளம்பிவிடும். ஆகவே உங்கள் வரிசை இப்படி இருக்கலாம்: மிராபெல், இரண்டாவது வீடு, பேராலயத்தின் திருமுழுக்குத் தொட்டி, பேதுரு ஆலயமும் கல்லறைத் தோட்டமும், உணவு, பிறகு பிறந்த வீடு. கோட்டை 1077இல் கட்டத் தொடங்கியது, காட்சி அருமை, ஆனால் ஒரே நாளில் இவ்வளவையும் சேர்த்தால் குழந்தை சோர்ந்துவிடும்.

மோட்சார்ட் மிட்டாய் வாங்குவதாக இருந்தால், சிவப்பும் தங்கமுமான தாளில் எங்கும் கிடைப்பது ஆலையில் செய்வது. 1890இல் பவுல் ஃபூர்ஸ்ட் என்ற மிட்டாய்க்காரர் முதன்முதலில் செய்ததை அவர் வழிவந்தவர்கள் இன்றும் கையாலேயே உருட்டி, வெள்ளியும் நீலமுமான தாளில் சுற்றித் தங்கள் கடைகளில் விற்கிறார்கள். அதிகம் வாங்கிச் சேர்க்காதீர்கள், நாள்பட வைத்திருக்க முடியாது.

கடைசியாக, மூன்றாவது மாடியின் அந்தக் கூடத்தில் மகளுக்குச் சொல்ல இன்னொன்று. பதினான்கு வயதில் தந்தையோடு இத்தாலி சுற்றிக்கொண்டிருந்தபோது நேப்பிள்ஸிலிருந்து மோட்சார்ட் அக்காளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓபரா, அரசர், நகரம் என்று பலவற்றுக்கு நடுவே, வீட்டில் வளர்த்த கானரிக் குருவியைப் பற்றியும் கேட்டிருந்தார்: திருவாளர் கானரி எப்படி இருக்கிறார், இன்னும் பாடுகிறாரா என்று. அந்தக் குருவிக் கூண்டு இருந்த வீடு இதுதான். கூண்டை எந்தச் சன்னலோரம் வைத்திருப்பார்கள் என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.